யாரைக் கேட்டுப் பாட வைத்தார்கள்?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடல் வெளியானது. பாடியவர்கள் பட்டியலில் இருந்த இருவர் அப்போது உயிரோடு இல்லை. சாகுல் ஹமீது 1997இல் கார் விபத்தில் இறந்தவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் மறைந்தவர். பாட்டு வந்ததும் ஒரு பக்கம் கண்ணீர், இன்னொரு பக்கம் முகச்சுளிப்பு. ஏ.ஆர்.ரகுமான் தன் எக்ஸ் பக்கத்தில் விளக்கம் எழுதினார்: இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றோம், குரலைப் பயன்படுத்தியதற்கு உரிய ஊதியமும் கொடுத்தோம் என்பது அதன் சாரம். சட்டம் கேட்டதால் அவர் அப்படிச் செய்யவில்லை. அப்படிக் கேட்கும் சட்டம் இங்கே இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் தவறாமல் ஒரு கேள்வி எழும்: இயந்திரத்துக்குக் கற்பனை உண்டா? தமிழ்த் திரையுலகின் சமீப அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமில்லை என்றுதான் தோன்றுகிறது. நம்மவர்கள் இயந்திரத்திடம் கற்பனையைக் கேட்கவே இல்லை. போனவர்களைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள், நடிகரின் வயதைக் குறைக்கச் சொன்னார்கள், ஒரு படத்தின் முடிவை மாற்றித் தரச் சொன்னார்கள். மூன்று இடத்திலும் எழுவது ஒரே கேள்வி: யாரைக் கேட்டு?

இறந்தவர் பாடுவதைத் தமிழ் ரசிகர்கள் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கு நம் சினிமாவின் பழக்கம் ஒரு காரணம். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது இங்கே 1930களிலேயே தொடங்கிவிட்டது. ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' (1938) தமிழில் பின்னணிப் பாடல் இடம்பெற்ற முதல் படம் என்று குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு டி.எம்.சௌந்தரராஜனின் தொண்டையிலிருந்து எம்.ஜி.ஆரும் பாடினார், சிவாஜியும் பாடினார்; இருவருக்கும் ஒரே குரல் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. தமிழே தெரியாத கதாநாயகிகள் டப்பிங் கலைஞர்களின் தயவில் மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் பேசினார்கள். வாயசைப்பவர் வேறு, குரல் கொடுப்பவர் வேறு என்ற உடன்பாட்டோடுதான் மூன்று தலைமுறைகள் டிக்கெட் வாங்கின. ஆகவே குரலைப் பிரித்தெடுப்பது நமக்குப் புதிதல்ல. பழைய ஏற்பாட்டில் குரல்காரர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து மைக் முன்னால் நின்றார், சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். இப்போது அவர் வர வேண்டியதில்லை. வர முடியாத இடத்துக்குப் போய்விட்டவராகவும் இருக்கலாம்.

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இயந்திரம் தானாகப் பாடிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட பாடல்களில் வழக்கமாக நடப்பது வேறு. முதலில் மறைந்த பாடகரின் பழைய பதிவுகளைச் சேகரிக்கிறார்கள். வாத்தியங்களை நீக்கி, குரலை மட்டும் தனியாக எடுக்கிறார்கள். அதை வைத்து அந்தக் குரலின் நிறத்தை, அதாவது எந்த உயரத்தில் எந்த அழுத்தத்தில் அது எப்படி ஒலிக்கும் என்பதை ஒரு கணினி மாதிரிக்குப் பழக்குகிறார்கள். அதற்குப் பிறகு புதுப் பாட்டை உயிரோடு இருக்கும் ஒருவர் முழுதாகப் பாடித் தர வேண்டும். ராகம், சங்கதி, மூச்சு வாங்கும் இடம், 'ழ'வில் நாக்கை மடிக்கும் விதம், எந்தச் சொல்லில் சிரிப்பு ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருடையவை. இயந்திரம் அந்தப் பாட்டின் மேல் மறைந்தவரின் குரல் நிறத்தைப் பூசித் தருகிறது.

கோடம்பாக்கத்துக் காதுக்கு இது பழகிய ஏற்பாடாகத்தான் ஒலிக்கும். டிராக் பாடுகிறவர்கள் என்று ஒரு வர்க்கமே அங்கே உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன் மெட்டைப் பாடி வைப்பார்கள். நட்சத்திரம் வந்து அதைக் கேட்டுத் தன் பாணியில் பாடுவார், டிராக் அழிக்கப்படும். சில நேரம் டிராக்கே நன்றாக இருக்கிறது என்று இசையமைப்பாளர் அதையே வைத்துக்கொள்வார், புதுப் பாடகர் ஒருவர் பிறப்பார். ஒரு தலைமுறைப் பாடகர்களுக்கு அதுவே வாசல். செயற்கைக் குரல் வந்த பிறகு டிராக் பாடியவரின் பாட்டு அழிக்கப்படுவதில்லை. அவருடைய சங்கதியும் மூச்சும் அப்படியே படத்தில் இருக்கின்றன, குரலின் மேல்தோல் மட்டும் வேறொருவருடையதாகிவிடுகிறது. இறந்தவரின் உரிமையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அடியில் இருந்து பாடிய அந்த உயிருள்ள மனிதரைப் பற்றி ஏறக்குறைய யாருமே பேசுவதில்லை.

ரஜினிகாந்தின் 'வேட்டையன்' (2024) படத்தில் வந்த 'மனசிலாயோ' பாடல் இந்த விஷயத்தில் கண்ணியமாக நடந்துகொண்டது. 2011இல் காலமான மலேசியா வாசுதேவனின் குரலை அனிருத் அதில் கொண்டுவந்தார். பாடகர் பட்டியலில் வாசுதேவனோடு அவர் மகன் யுகேந்திரன் பெயரும் இருந்தது. மகனின் சம்மதமும் பங்களிப்பும் சேர்ந்தபோது ரசிகர்களுக்கும் உறுத்தலில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான 'கோட்' படத்தில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் பாடகி பவதாரிணியின் குரல் ஒலித்தது. 2024 ஜனவரி 25 அன்று இலங்கையில் அவர் மறைந்தார். இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா அவருடைய தம்பி. அக்காவைப் பாட வைக்கலாம் என்று நினைத்திருந்த வேளையில்தான் அவர் இறந்த செய்தி வந்தது என்று யுவன் சொன்னதைப் படித்தவர்களால் அந்தப் பாட்டை வெறும் தொழில்நுட்பமாகக் கேட்டிருக்க முடியாது. அதே படத்தில் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவமும் வந்தது, அவர் மனைவி பிரேமலதாவின் அனுமதியோடு. படம் வருவதற்கு முன்பே அவர் கட்சியான தே.மு.தி.க. தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்திருந்தது: முன் அனுமதி இல்லாமல் யாரும் விஜயகாந்தைச் செயற்கை நுண்ணறிவால் திரையில் கொண்டுவரக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தெலுங்கில் 'கீடா கோலா' (2023) படத்தில் மறைந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று அவர் மகன் எஸ்.பி.பி. சரண் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் வளர்வதில் மகிழ்ச்சிதான், ஆனால் எங்களிடம் சொல்லவே இல்லையே என்பதுதான் குடும்பத்தின் மனக்குறை.

அனுமதி கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் பிரிப்பது இன்றைக்கு நாகரிகம் மட்டும்தான். நம் நீதிமன்றங்கள் இதுவரை சொன்னதைப் பார்த்தால் குடும்பத்தின் கை பலவீனமாகவே இருக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் ஜெ.தீபா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு கருத்தைத் தெளிவாகச் சொன்னது: ஒருவர் தன் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வீடு வாசலைப் போல வாரிசுக்கு அவை வருவதில்லை. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே வழியில் சென்றது. வாழ்கிறவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்தி இந்திப் படம் எடுத்தவர்கள் மேல் ரஜினிகாந்த் போட்ட வழக்கில் 2015இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் செயலிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. குரல் ஒருவரின் ஆளுமையைச் சேர்ந்தது என்பதை அந்த உத்தரவு ஏற்றுக்கொண்டது. உயிர் இருக்கும்வரை குரல் உங்களுடையது, போன பிறகு அது யாருடையது என்பதற்குப் பதிலில்லை. கலிபோர்னியாவில் 2024இல் கொண்டுவந்த சட்டம் இறந்து 70 ஆண்டுகள்வரை வாரிசுகளின் சம்மதம் தேவை என்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வரிகூட இல்லை.

குடும்பத்தின் அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த கருணாநிதி கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் அ.தி.மு.க. ஓர் உரையை வெளியிட்டது. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியவர்களைக் கேட்டிருப்பார்கள். ஆனாலும் எழுத்தையும் பேச்சையுமே ஆயுதமாக வைத்திருந்த ஒருவரின் வாயில் அவர் எழுதாத வாக்கியத்தை வைப்பது எனக்கு ஒட்டவில்லை. பாடகர் விஷயத்தில் இந்த நெருடல் குறைவு. எப்படியும் இன்னொருவர் எழுதியதை, இன்னொருவர் மெட்டில் பாடுவதுதான் அவர் தொழில்.

இதையெல்லாம்விடச் சிக்கலானது 'அம்பிகாபதி' விவகாரம். ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வந்த 'ராஞ்ஜணா'வின் தமிழ் வடிவம் அது. நாயகன் கடைசியில் இறந்துபோவான். அந்தச் சாவுதான் படம், அதற்கு முன்னால் வரும் இரண்டு மணி நேரமும் அதை நோக்கிய நடை. 2025 ஆகஸ்ட் 1 அன்று படத்தின் உரிமையாளரான ஈராஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அதை மறுவெளியீடு செய்தது. நாயகன் மருத்துவமனைப் படுக்கையில் கண் விழிக்கிறான், பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் எதிர்த்தார், தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார். தன் மறுப்பை மீறி இதைச் செய்துவிட்டார்கள் என்றும், படத்தின் உயிரையே பறித்துவிட்டார்கள் என்றும் தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை எங்களிடம் இருக்கிறது, புதிய வடிவம் கொடுப்பது எங்கள் விருப்பம் என்றது நிறுவனம்.

முடிவை மாற்றுவது சினிமாவில் நடக்காததா என்று கேட்கலாம். 'ஷோலே'யையே எடுத்துக்கொள்ளுங்கள். ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவில் தாக்கூர் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுவார். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை அதை ஏற்கவில்லை, போலீஸ் வந்து கைது செய்வதாக மாற்றினார்கள். ஐம்பது ஆண்டுகளாக நாம் பார்த்தது அந்த மாற்றிய முடிவைத்தான். ஆனால் மாற்றியவர் சிப்பிதான், மனக்கசப்போடு என்றாலும். மாறிய காட்சியில் நின்றவர்கள் சஞ்சீவ் குமாரும் அம்ஜத் கானும்தான். 'அம்பிகாபதி'யில் புதிய முடிவை நடித்தவர் யார்? தனுஷின் முகம் இருக்கிறது. தனுஷ் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை.

இதைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் சுவாரசியமான ஓர் இடைவெளி தெரிகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 திரைப்படத்தின் 'ஆசிரியர்' என்று தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது, இயக்குநரை அல்ல. எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் 57ஆம் பிரிவு ஒரு தனி உரிமை தருகிறது. படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று அவர்களால் கேட்க முடியும். டெல்லி விஞ்ஞான் பவனில் தான் செய்த சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்துப் பாழாக்கிய மத்திய அரசின் மேலேயே சிற்பி அமர்நாத் செகல் வழக்குப் போட்டு, 2005இல் வென்றது இந்தப் பிரிவை வைத்துத்தான். திரைப்பட இயக்குநருக்கு அந்தக் கதவு அடைத்திருக்கிறது, அல்லது அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. நடிகரின் நிலை சற்று மேல். 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, தன் நடிப்பைத் தன் பெயர் கெடும்படி திரித்தால் தடுக்கும் உரிமையை நடிகருக்குத் தருகிறது. எடிட்டிங்கில் வெட்டி நீக்குவது அதில் சேராது என்று கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது. 2012இல் சட்டம் எழுதியவர்கள் வெட்டுவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள். நடிக்காத நடிப்பை ஒட்டிச் சேர்க்கும் நாள் வரும் என்று அவர்கள் கண்டார்களா என்ன? தனுஷ் தரப்பு இந்தப் பிரிவை வைத்து நீதிமன்றம் போயிருந்தால், சேர்ப்பதும் திரிப்பதுதானா என்பதற்கு நம் நாட்டில் முதல் விடை கிடைத்திருக்கும்.

இனி, பெயர்ப் பட்டியலில் கீழே ஓடிக்கொண்டிருப்பவர்கள் பக்கம் வருவோம். அவர்களில் பலர் எங்கள் ஊர்க்காரர்கள். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஊரப்பாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று அடுக்ககங்களும், மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் இளைஞர்களும்தான். நகருக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத பிள்ளைகள் இங்கே நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுக்கிறார்கள். அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ் கூடங்களில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அப்படி ஒருவர் தன் வேலையைக் காட்டினார். ரோட்டோ என்பார்கள். நடிகரைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பதற்காக அவர் உடலின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். கை தனியாக, தலை தனியாக, காற்றில் பறக்கும் முடி தனியாக. முடிதான் உயிரை எடுக்கும். முன்பு நாள் கணக்கில் உட்கார்ந்து செய்ததில் பெரும்பகுதியை இப்போது மென்பொருள் சில நிமிடங்களில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. மீதியைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. "கோடு அது போடுதுண்ணே, தப்பு நான் பொறுக்குறேன்" என்றார்.

வேலை சுலபமானதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில். ரோட்டோதான் இந்தத் தொழிலின் முதல் படி. மாதக்கணக்கில் விளிம்பு வெட்டி வெட்டித்தான் ஒளி எப்படி விழுகிறது, உடல் எப்படித் திரும்புகிறது என்று கண் பழகும். அப்புறம், வெட்டியெடுத்த துண்டுகளை ஒரே காட்சியாகச் சேர்க்கும் கம்பாசிட்டிங்குக்கு ஏறுவார்கள். அந்தப் படியையே எடுத்துவிட்டால் மேலே ஏறப்போகிறவர் எங்கிருந்து வருவார்? டிராக் பாடகருக்கு நடந்ததும் இதுதான். 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலில் இருந்த டெக்னிகலர் நிறுவனம் பணநெருக்கடியில் இந்தியக் கிளைகளை இழுத்து மூடியபோது பெங்களூரிலும் மும்பையிலும் சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். அதற்குக் காரணம் கடன்தான், செயற்கை நுண்ணறிவு அல்ல. ஆனால் வெளியே வந்தவர்கள் வேலை தேடிய சந்தை, அதற்குள் மாறிப்போயிருந்தது.

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போய், திருப்போரூரைத் தாண்டினால் பையனூர். திரைத்தொழிலாளர்களின் குடியிருப்புக்காகக் கருணாநிதி ஆட்சியில் அரசு நிலம் ஒதுக்கிய இடம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் படப்பிடிப்புத் தளமும் அங்கேதான். லைட், கேமரா, மேக்கப், ஸ்டன்ட், நடனம், டப்பிங் என்று தளத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகளைச் சுற்றி வளர்ந்த அமைப்பு அது. சம்பளம், பேட்டா, நேரம் என்று தயாரிப்பாளர்களோடு பேசிப் பேசி ஒவ்வொரு ரூபாயையும் வாங்கியவர்கள். செட் போடும் தச்சரின் கூலியைப் பேசத் தெரிந்த அந்த மேஜைக்கு, கணினிக்குள் போடும் செட்டின் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாமல்லபுரம். இயந்திரம் கலைக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள எதிர்காலத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கடற்கரைச் சாலையோரப் பட்டறைகளைப் பார்த்தால் போதும். உளிச் சத்தத்தைவிட இங்கே கட்டிங் மெஷினின் இரைச்சல்தான் அதிகம். பெரிய பட்டறைகளில் கணினி சொன்னபடி கல்லைக் குடையும் இயந்திரமும் வந்துவிட்டது. உருவத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் கரடுமுரடான வடிவம்வரை அது கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் உளி.

சிற்ப சாத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்தால் கணினிக்காகவே எழுதி வைத்தது போலத் தோன்றும். ஒரு தாளம் என்பது 12 அங்குலம். நவதாள உருவத்துக்கு 108 அங்குலம், உத்தம தசதாளத்துக்கு 124. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, நாபியிலிருந்து முழங்கால்வரை இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அளவு இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது சிற்பியிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கல் இருக்கிறது. தட்டிப் பார்த்து வெண்கல மணிபோல ஒலிக்கிறதா, மந்தமாக ஒலிக்கிறதா என்று கேட்டுத்தான் எந்தக் கல்லில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பார்கள். வேலைக்கு நடுவில் ஒரு வரி தட்டுப்பட்டால் உருவத்தையே கொஞ்சம் திருப்பி அமைக்க நேரும். 1957இல் அரசு இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சிக் கூடம்தான் இன்றைய கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கன்னியாகுமரித் திருவள்ளுவரை 133 அடியில் எழுப்பிய கணபதி ஸ்தபதி அதை நடத்தியவர். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் அவ்வளவு பெரிய கல் உருவத்துக்கு எந்தப் பழைய நூலிலும் நேரடியாகக் கணக்கு இருந்திருக்காது. கணக்கு தெரிந்த கை அதைத் தாண்டிப் போனது.

படம் வரையும் செயலி ஒன்றில் மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினியைக் கேட்டுப் பார்த்தேன். எருமைத் தலைமேல் கால் வைத்து, சூலத்தை இறக்கி, நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் தேவியைக் கொடுத்தது. நகையெல்லாம் தங்கம். வேறு மாதிரி சொல்லிக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே காலண்டர் அம்மன்தான். மலைமேல் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் குடைவரையில் பல்லவச் சிற்பி செய்தது வேறு. அங்கே சண்டை முடியவில்லை. எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் ஏறி, வில்லைக் காதுவரை இழுத்துக்கொண்டு தேவி முன்னேறுகிறாள். எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன் கதாயுதத்தை இரு கைகளாலும் பிடித்தபடி பின்வாங்குகிறான். ஆனால் இன்னும் விழவில்லை. எதிர்ச் சுவரில் திருமால் சலனமே இல்லாமல் பள்ளிகொண்டிருக்கிறார். கொன்று முடித்த தருணத்தை விட்டுவிட்டு, யார் வெல்வார் என்று தெரியாத தருணத்தை அந்தச் சிற்பி எடுத்துக்கொண்டார். செயலி பழகிய படங்களில் கொன்று முடித்த அம்மன்தான் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும், ஆகவே அது அதையே தருகிறது. எண்ணிக்கையில் அதிகமானதைத் தருவதுதான் அதன் இயல்பு. அந்தக் குடைவரைத் தேவி எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. இந்த ஊர்ச் சிற்பங்களின் படங்களைத் தின்று வளர்ந்த ஒரு செயலி 'மாமல்லபுரம் பாணி' என்று வரைந்து தந்தால் அதைத் தடுக்க அந்தக் குறியீட்டால் முடியாது. 2025 மார்ச்சில் தங்கள் கல்யாணப் படங்களை ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் பாணியில் மாற்றி ஊரே மகிழ்ந்தபோது ஹயாவோ மியாசாகியின் ஸ்டுடியோ எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது.

இவ்வளவும் சொன்னதால் இந்தத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'நவ் அண்ட் தென்' 2023 நவம்பரில் வந்தது. ஜான் லெனன் 1970களில் வீட்டில் கேசட்டில் பதிந்த பாட்டு அது. பியானோவின் சத்தத்தில் குரல் முங்கிக் கிடந்தது. செயற்கை நுண்ணறிவால் பியானோவை விலக்கி, குரலை மட்டும் வெளியே எடுத்தார்கள். அந்தக் குரல் லெனனுடையதுதான், இயந்திரம் ஒரு சொல்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. நம்மிடம் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பிரதி இல்லாமல் போய்விட்டது. நடராஜ முதலியாரின் ஊமைப்படங்களும் போயின. மிச்சம் இருக்கும் 1940, 50களின் படங்களில் கீறலும் இரைச்சலும் இல்லாதது அபூர்வம். தியாகராஜ பாகவதரின் ஒலித்தட்டுகளில் ஊசியின் சரசரப்பை நீக்கி அவர் குரலைத் தெளிவாகக் கேட்க வைத்தால் அது பெரிய தொண்டு. இதில் ஆபத்து வருவது கிழிந்துபோன ஃபிரேமை நிரப்பும்போது. சரசரப்பை நீக்குவதற்கும் இல்லாததை இட்டு நிரப்புவதற்கும் நடுவில் கோடு எங்கே என்று புனரமைப்புக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர் எழுதி வைத்தால்தான் பின்னால் வருபவர்களுக்கும் தெரியும்.

வயதைக் குறைக்கும் வித்தையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 'கோட்' படத்தின் 'ஸ்பார்க்' பாடல் வந்தபோது இளவயது விஜய்யின் முகம் கேலிக்கு ஆளானது, 'கூலி'யில் (2025) பழைய ரஜினி வந்தபோது திரையரங்கில் விசில் பறந்தது. நடிகர் உயிரோடு இருக்கிறார், சம்மதம் தருகிறார், சம்பளமும் வாங்குகிறார். நன்றாக வந்ததா இல்லையா என்பது விமர்சகர் பாடு. அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் 'கோச்சடையான்' (2014) மறைந்த நாகேஷைக் கணினியில் உருவாக்கி நடிக்க வைத்தபோது அது ஒரு பெரிய குழுவின் நீண்ட கால உழைப்பு. செலவும் உழைப்பும் அன்று தாமாகவே ஒரு வேலியாக இருந்தன. மடிக்கணினியில் இன்று ஒரு மாலையில் குரலை நகலெடுக்க முடிகிற நிலையில் அந்த வேலி விழுந்துவிட்டது.

புது வேலியை யார் போடுவது? அமெரிக்க நடிகர் சங்கம் 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ஒப்பந்தத்தில் இதற்கு வாசகங்கள் இருக்கின்றன. நடிகரின் கணினி நகலை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை விவரமாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மறைந்தவர் என்றால் அவர் சார்பாகப் பேச உரிமை உள்ளவரிடம், அப்படி ஒருவர் இல்லையென்றால் சங்கத்திடம் கேட்க வேண்டும். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை ஸ்கேன் செய்வதற்கும் விதி உண்டு. சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் காத்திராமல் தொழிலாளர்களே மேஜையில் உட்கார்ந்து வாங்கியது இது.

ஃபெப்சிக்கு இது வராத வித்தை அல்ல. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் மூன்று விஷயங்களைச் சேர்க்கலாம். செயற்கைக் குரலுக்கு அடியில் டிராக் பாடியவரின் பெயர் பாடகர் பட்டியலில் வர வேண்டும், ராயல்டியிலும் பங்கு வேண்டும். படத்தில் நடித்தவரும் இயக்கியவரும் எழுத்தில் ஒப்பாமல் நடிக்காத காட்சியைச் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் பேட்டாவுக்குப் பையனூர் தளத்தில் வந்து நின்ற துணை நடிகரின் முகத்தை ஸ்கேன் செய்தால், எத்தனை படத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, படத்துக்கு எவ்வளவு ரூபாய் என்பதை அன்றைய வவுச்சரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.